மூணு இருவத்திமூணு போதும்

தப்பெல்லாம் இல்ல தம்பி, சரியாத்தான் எழுதியிருக்கேன். நான் வாங்கப்போற பிக்கப் வண்டிக்குப் பின் அச்சு கியரு, மூணு இருவத்திமூணு. நீ அத அடிச்சிட்டு நாலு பத்துன்னு எழுதின பாரு, அதான் தப்பு. இப்படிக் குடு அந்தப் பேனாவ.

தெரியும் தெரியும். உனக்கு முன்னாடி இங்க வண்டி வித்த ரூடி வெச்சிட்டுப் போன பழைய ஃபைலைப் பார்த்துட்டுப் பேசற. என்னப் பத்தி என்ன எழுதியிருக்கான், படி. லைல் ஆமண்ட்சன், நாலு வண்டி, நாலுமே நாலு பத்து, ஆளோட வாதம் பண்ணாதே. ஹா! எழுதுவான் எழுதுவான். முப்பது வருஷம் அந்த நாற்காலியில உக்காந்து என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவன். இப்ப அரிசோனாவுல வெயில் காஞ்சிக்கிட்டிருக்கான், நீ வந்து என் கையில மாட்டிக்கிட்ட.

எனக்கு கியரு பாடம் எடுக்காத. இன்ஜின் பக்கத்துலேர்ந்து வர்ற ஷாஃப்ட்டு நாலு சுத்துக்கு மேல சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து சுத்தும், அது நாலு பத்து. இழுவை பிச்சிக்கும். பன்னெண்டு மாட்ட டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு மேட்டுல போனாலும் மூச்சு வாங்காது. மூணு இருவத்திமூணுன்னா மூணு சுத்துதான். இன்ஜின் அலட்டிக்காம ஓடும், பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாவும், ஆனா பாரத்தப் பூட்டினா மேட்டுல திணறும். இதத்தான சொல்ல வந்த? சொல்லிட்டேன். இப்ப எழுது.

இல்லப்பா, பெட்ரோலுக்காக இல்ல. என்னையப் பார்த்தா பெட்ரோலுக்கு அழற ஆளு மாதிரியா இருக்கு?

மாடு இருக்கே, அத எப்படி ஏத்துவீங்கன்னா? பாதி மாட்ட ஏப்ரல்லயே வித்தாச்சு. மிச்சம் இருக்கறத பக்கத்துப் பண்ணை கிர்பி வந்து ஏத்திக்கிட்டுப் போவான், பேசிட்டேன். டிரெய்லரையும் அவனே எடுத்துக்கிட்டான். ஆமா, வித்துட்டேன். என்ன அப்படிப் பார்க்கற? டிரெய்லர வித்தவன் செத்தா போயிடுவான்?

சிரிப்பாங்கதான். ஏற்கெனவே சிரிக்கறாங்க. தானியக் கிடங்குல காலையில காபி குடிக்கற கும்பல் ஒண்ணு இருக்கே, போன செவ்வாக்கிழமை வாய் தவறி அவங்ககிட்ட சொல்லிட்டேன். ஹார்லன் காபிய மேல கொட்டிக்கிட்டான். ஏன்டா லைல், காய்கறி வாங்கப் போறியா, இல்ல தேவாலயத்துல பாட்டு கிளாஸுக்குப் போறியாங்கறான். எனக்கு இந்த மாவட்டத்துல பேரே நாலுபத்து லைல்தான், தெரியுமா? அறுவது வயசு முடிஞ்சப்ப எங்க ஊரு ஓட்டல்காரி ஒரு கேக்கு செஞ்சா. எல்லாரும் அறுவதுன்னு போடுவாங்க, அவ நாலு புள்ளி பத்துன்னு கிரீம்ல எழுதிக் கொண்டாந்து வெச்சா. எனக்கு அப்படி ஒரு பெருமை. வாயெல்லாம் பல்லு. ஆர்லிஸ் மட்டும் கேக்கையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா. எனக்கு ஒரு துண்டு போதும்னா.

ஆர்லிஸ் என் பெண்டாட்டி. வெளிய நிக்குதே பழைய பச்சை வண்டி, அதுக்குள்ளதான் உக்காந்திருக்கா. இல்ல, உள்ள வரமாட்டா. வேண்டாம்ப்பா, காபியெல்லாம் கொண்டுபோய் நீட்டாத. உக்காந்திருக்கட்டும். அவளுக்கு வேத்து மனுஷங்களோட பேசறது இப்பெல்லாம் புடிக்கறதில்ல.

சரி, கேட்ட இல்ல, சொல்றேன். சத்தம். அவ்வளவுதான். எனக்குச் சத்தம் இல்லாத வண்டி வேணும்.

நாலு பத்துல நீ நெடுஞ்சாலையில எழுவது மைலு வேகத்துல போயிருக்கியா? பத்து நிமிஷம் இல்ல, ஒண்ணரை மணி நேரம்? ஙொய்ய்ங்குனு ஒரே இரைச்சல். பல்லெல்லாம் கூசும். எனக்கு அது பாட்டு மாதிரி. இன்ஜின் கத்தினா வண்டிக்குத் தெம்பு இருக்குன்னு அர்த்தம், நாங்க அப்படித்தான் வளர்ந்தோம். பக்கத்துல உக்காந்திருக்கறவளுக்கு அது எப்படி இருக்கும்னு நாப்பது வருஷம் நெனச்சுகூடப் பார்க்கல. நான் எப்படிப்பட்ட மடையன் பாரு.

உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆயிடுச்சு, ரெண்டு புள்ள. நல்லது. பொழுதோட வீட்டுக்குப் போவ, சாப்புடுவ, பேசுவ. பண்ணையில அது நடக்காது தம்பி. நான் அஞ்சு மணிக்கு எழுந்து போனா இருட்டினப்புறம் வருவேன். சாப்புட்டுக்கிட்டே தூங்கிடுவேன், கரண்டி கையில இருக்கும். புருஷன் பெண்டாட்டி பேசறதுன்னா அது வண்டியிலதான். எங்க வீட்டுலேர்ந்து இந்த ஊருக்குத் தொண்ணூறு மைலு. வாரத்துக்கு ஒரு தரம் வந்துட்டுப் போறதுதான் எங்க சம்சாரமே. அவ அந்த வாரம் முழுக்கச் சேர்த்து வெச்சதையெல்லாம் எடுத்துக்கிட்டு வந்து வண்டியில ஏறுவா. நான் சாவியத் திருப்புவேன். ஙொய்ய்ங்.

அவ பேசுவா, நான் என்னதுன்னுவேன். அவ திரும்பச் சொல்லுவா. ரெண்டு தரம் கேட்டுட்டு மூணாந்தரம் கேக்கக் கூச்சமா இருக்கும் பாரு, அதனால ம்ம்னு தலைய ஆட்டிடுவேன். அப்படித்தான் ஒரு தரம் ஆட்டி வெச்சேன். சனிக்கிழமை காலையில கதவத் தட்டறாங்கன்னு போய்த் திறந்தா, அவ தங்கச்சி டோரீன், அவ புருஷன், மூணு புள்ளைங்க, ஒரு நாய். பத்து நாளைக்கு. நான் ஜட்டியோட நிக்கறேன். நீங்கதான சரின்னு சொன்னீங்கங்கறா ஆர்லிஸ். சொன்னேன்தான்.

சிரி, சிரி. நாங்களும் சிரிச்சிருக்கோம்.

அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபுடிச்சிட்டா. டெர்ரி ஊருக்கு இந்தப் பக்கம் ரயில் கேட்டு இருக்கில்ல, அங்க வந்தா வண்டிய நிறுத்தணும், சத்தம் அடங்கும். முக்கியமான சங்கதிய எல்லாம் அதுவரைக்கும் வாயிலயே வெச்சிருந்து அங்க வந்து கடகடன்னு கொட்டுவா. நூத்திப் பத்துப் பெட்டி நிலக்கரி ரயிலு வந்துச்சுன்னா அவ மூஞ்சப் பார்க்கணுமே, திருவிழாதான். நான் ஸ்டியரிங்கக் குத்திக்கிட்டு ரயில்காரனத் திட்டிக்கிட்டு இருப்பேன். எங்க புள்ள ஒண்ணு பொறந்து ரெண்டு நாள்ல தவறிப்போச்சு. அதப் பத்தி அவ பேசினது எல்லாமே அந்த கேட்டுலதான். நாப்பது வருஷத்துல எல்லாத்தையும் சேர்த்தா எத்தன ரயிலு வந்திருக்கும்?

ஒவ்வொரு வண்டி வாங்கறப்பவும் கேட்டா தம்பி. நாலு தரமும் கேட்டா. ரூடிகிட்டயே கேட்டா, இந்த நாற்காலியில உக்காந்து. சத்தம் கம்மியா ஓடற கியரு இல்லையான்னா. அவனும் பாவம், இருக்குங்களே, மூணு சொச்சத்துல எல்லாம் வருதுங்களேன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மாட்ட இழுக்கறது நீயா நானான்னேன். ரூடி பேனாவையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

இப்ப வர்ற வண்டியில கியர்பெட்டியே பத்து கியரா? எந்த அச்சு போட்டாலும் சத்தம் கேக்காதுங்கறியா? இருக்கலாம். நீ படிச்சவன். ஆனா எனக்கு இந்த இருக்கலாம் எல்லாம் வேண்டாம். இருக்கறதுலயே மெதுவா சுத்தறது எதுவோ அதக் குடு. மலையில இழுக்காட்டிப் போவுது. ஒரு வைக்கோல் கட்டுகூட இழுக்க வேண்டாம். எவனாவது வந்து லைல், கொஞ்சம் இழுத்து விடுன்னு கேட்டான்னா, முடியாதுடா, வண்டிக்குத் தெம்பில்லன்னு சொல்லணும் நான்.

என்னது, பன்னெண்டு வாரமா?

இல்ல, இல்ல. ஆர்டரு போடற கதையெல்லாம் ஆவாது. இது ஜூலை. பன்னெண்டு வாரம்னா அக்டோபரு வந்துடும். அக்டோபர்ல எனக்கு எதுக்கு? மூணாவது வரிசையில சாம்பல் நிறத்துல ஒண்ணு நிக்குது. உள்ள வர்றதுக்கு முன்னாடியே கண்ணாடியில ஒட்டியிருக்கற சீட்டப் படிச்சிட்டேன். மூணு இருவத்திமூணு. அதான் வேணும். ஆமா, துணி சீட்டுதான். ஆமா, சூடு பண்ற சீட்டு இல்ல. பின்னாடி ஜன்னல் தொறக்காது, தெரியும். எல்லாக் குறையும் தெரியும் எனக்கு. நீ விக்கறவனா, வேண்டாங்கறவனா?

அய்யோ தம்பி, உன் மேல கோவம் இல்ல. நீ நல்லதுக்குத்தான் சொல்ற. வாங்கிட்டு ஒரு மாசத்துல வந்து மல்லுக்கு நிப்பான் கிழவன்னு நெனக்கற. நிக்கமாட்டேன். சத்தியமா நிக்கமாட்டேன்.

ஓட்டிப் பார்க்கறதா? அது பார்க்கணும். அது கண்டிப்பா பார்க்கணும். ஆனா நீ கூட வரவேண்டாம். கம்பெனி சட்டமாவே இருக்கட்டும். என் பழைய வண்டி சாவிய வெச்சுக்க, லைசென்ச வெச்சுக்க, இந்தா, வாட்சையும் கழட்டித் தரேன். நாங்க ரெண்டு பேர் மட்டும் போறோம். நீ பின்னாடி உக்காந்திருந்தா அவ வாயத் திறக்கமாட்டா.

அவளுக்குப் பேச்சு போய்க்கிட்டிருக்கு தம்பி. நரம்பு வியாதி. சிலருக்குக் கையில, கால்ல ஆரம்பிக்குமாம், இவளுக்கு நாக்குல ஆரம்பிச்சிருக்கு. வார்த்தை குழறும், கொரலு கிசுகிசுன்னுதான் வருது. கடையில ஒருத்தி இவ குடிச்சிருக்கான்னு நெனச்சு ஒரு மாதிரி பார்த்துட்டா, அதுலேர்ந்து வெளியாளுங்க முன்னாடி பேசறதில்ல. பில்லிங்ஸ்ல ஒரு பொம்பள டாக்டரு, நல்ல பொண்ணு, ஒளிக்காம சொல்லிடிச்சு. செப்டம்பர் வரைக்கும் கொரலு இருக்கும், அதுக்கு மேல நம்பாதீங்கன்னு. அப்புறம் மத்ததெல்லாம் போகும், ஒண்ணொண்ணா. அது வேற.

கேளு. போன அக்டோபர்ல கன்னுங்கள வித்துட்டு வீட்டுக்குத் திரும்பிப் போறோம். காலி டிரெய்லரு பின்னாடி தடதடங்குது, இன்ஜின் கத்துது. அவ ஏதோ சொன்னா. கால்நடை டாக்டரு எப்ப வராருன்னு கேக்கறான்னு நெனச்சுக்கிட்டு, வியாழக்கிழமைன்னேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் சிரிச்சிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. பிப்ரவரியில அந்த டாக்டரு கேக்குது, இது எப்ப ஆரம்பிச்சதும்மான்னு. இவ சொல்றா, அக்டோபர்லயே இவர்கிட்ட சொன்னேன், நாக்கு என்னோடது இல்லாத மாதிரி இருக்குங்க, எனக்குப் பயமா இருக்குன்னு. அதுக்கு இவரு வியாழக்கிழமைன்னாருன்னா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. டாக்டரும் சிரிச்சிடிச்சு. எனக்கு எழுந்து ஓடிடலாம் போல இருந்துச்சு. முன்னாடியே வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டரு சொல்லுது, நம்பறேன். ஆனா நாலு மாசம் தம்பி. நாலு மாசம் அவ ஒத்தையா பயந்துக்கிட்டு இருந்திருக்கா, நான் பக்கத்துல உக்காந்து வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன்.

சரி, அழாத. நீ அழுதா நான் என்ன பண்ணுவேன். மூஞ்சத் தொடச்சுக்க, அவ ஜன்னல் வழியாப் பார்ப்பா.

இன்னிக்குக் காலையில வர்ற வழியில ஏதோ சொன்னா. நீளமா சொன்னா, ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும். ஒரு வார்த்தைகூட என் காதுல விழல. இப்பெல்லாம் திருப்பிச் சொல்லச் சொன்னா மூச்சு வாங்குது அவளுக்கு, அதனால கேக்கல. ம்ம்னேன். இந்த வண்டியில உக்கார வெச்சு, ஆர்லிஸ், காலையில நீ என்ன சொன்ன, எனக்குக் கேக்கலன்னு கேக்கப் போறேன்.

சாவிய எடு தம்பி.