பாத்திரம் கழுவும்போது பாடுகிறவள்

பாத்திரம் கழுவும்போது பாடுவது ஒன்றும் குற்றமில்லை. குற்றமென்று என் மனைவியிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் மைத்துனி கொடுத்த புகாரைப் படித்தால் நான் ஏதோ சிடுமூஞ்சி என்று தோன்றும்.

காது கேட்கும் கருவி பொருத்துவது என் தொழில். இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஓய்வு நேரத்தில் வாத்திய இசை கேட்பேன். வார்த்தையே இல்லாத, நிதானமான இசை. அவளுக்கோ பேருந்தில் போடுவதுதான் பாட்டு. அதுவும் முழுதாகத் தெரியாது. இரண்டு வரி பாடிவிட்டு, மிச்சத்துக்கு 'லாலலா' போட்டு ஒப்பேற்றுவாள். எனக்குக் காது புளித்துவிட்டது.

"உங்க பாட்டு உங்களுக்கு, என் பாட்டு எனக்கு. இதுல என்னங்க சண்டை?" என்பாள், என்னமோ சமரசம் பேச வந்த பெரிய மனுஷி மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் மூவர் வருவார்கள். சேர்ந்து கேட்போம். ஒரு ஞாயிறு, இசைத்தட்டு பாதி ஓடும்போது சமையலறையிலிருந்து அவள் குரல் கிளம்பியது. அப்போதே அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் தொண்டை தாராளம். எங்களில் நல்ல ரசிகர் என்று நான் நம்பியிருந்த கணக்கு வாத்தியார் இசைத்தட்டை நிறுத்தச் சொன்னார்.

"அடுத்த வரியையும் பாடுங்க அண்ணி, நல்லாருக்கு."

அவள் ஈரக்கையோடு வந்து பாடினாள். மூவரும் தொடையில் தாளம் போட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவமானப்பட்டேன்.

அடுத்த மாதம் அவளுக்கு நானே கருவி பொருத்தினேன். சத்தம் இதற்கு மேல் காதுக்குள் போகக் கூடாது என்று கருவியில் ஓர் உச்ச அளவு வைப்போம். அதைத் தாண்டவிட்டால், மிச்சமிருக்கும் செவியும் மெல்ல மெல்லப் போய்விடும். அந்த அளவை மாதாமாதம் கொஞ்சம் கூட்டினேன். அவசரப்படவில்லை.

"தட்டு விழுந்தாகூட மண்டைக்குள்ள குத்துதுங்க."

"பழகிடும். கழட்டாம போட்டுக்கோ."

அவள் கழற்றவில்லை. என் கைராசிமீது அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பதினோராவது மாதம் சோதனை அறையில் உட்காரவைத்தேன். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒலியை ஏற்றிக்கொண்டே போனேன். இயந்திரம் அதன் கடைசி எல்லைக்கு வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரலைப் பொத்தான்மேல் தயாராக வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையாங்க?"

அதன்பின் பாட்டு நின்றுவிட்டது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. "எப்படி வருதுன்னே தெரியல, சிரிப்பாங்க" என்று அவளாகவே விட்டுவிட்டாள். மைத்துனி கருவியை வேறு இடத்தில் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். உங்கள் தாளில் இருக்கும் எண்கள் எல்லாம் சரி. தெரிந்துதான் வைத்தேன், ஒவ்வொன்றையும்.

வருத்தமில்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. இப்போதெல்லாம் இசைத்தட்டைப் போட்டதும் எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். என் முகத்தையே பார்க்கிறாள். நான் தலையாட்டினால் அவளும் ஆட்டுகிறாள், நான் கண்ணை மூடினால் அவளும் மூடுகிறாள். இவ்வளவு அருமையான ரசிகையைக் கூடவே வைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தை வீணாக்கிவிட்டேனே என்றுதான் வருத்தம்.