அத்தான் சாய்ந்த சுவர்

"எண்ணெய் தெரியிற வெள்ளை எதடி?"

ஸ்காபரோ பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்ததும் நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். கேட்ட வயதான அம்மாவின் மடியில் பெயின்ற் கடையில் கொடுக்கும் நிற அட்டைகள். எல்லாமே வெள்ளை. எனக்கு ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவரின் தங்கை.

"உதை ஆரக்கா கேப்பினம்? கழுவினாப் போற வெள்ளைதான் எல்லாரும் கேக்கிறவை."

"உன்ர அத்தான் சாய்ஞ்சு ரீவி பாக்கிற சுவர் தெரியுமெல்லே? தலை பட்ட இடம் வட்டமாக் கிடக்கு."

"ஓம். அதுக்கு அவரோட எவ்வளவு சண்டை பிடிச்சனீங்கள்."

"பிடிச்சனான்தான். மனுசன் நல்லெண்ணெயை விட்டவரே?"

தங்கை சிரித்தார். அக்கா அட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"அவரின்ர ஆண்டுத் திவசத்துக்கு முதல் வீடு முழுக்கப் பெயின்ற் அடிக்கோணுமாம், மகன் சொல்றான்."

"அடிக்கத்தானே வேணும். ஆக்கள் வருவினம்."

"அடிக்கட்டும். பெயின்ற் அடிக்க வாறவர் சொன்னவர், அந்த இடத்துக்கு முதல்ல பிறைமரெண்டு ஒரு அடிப்பூச்சுப் பூசோணுமாம். பூசாட்டி, எத்தினை தரம் அடிச்சாலும் எண்ணெய் திரும்ப மேல வந்திடுமாம்."

"அப்ப பூசச் சொல்லுங்கோவன்."

"மற்ற இடமெல்லாம் பூசட்டும். அதில மட்டும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

அக்கா இருப்பதிலேயே வெளிறிய அட்டையை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதில கெதியாத் தெரியும், என்ன?"