முதலில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர்: தாதிய சகோதரி விமலாம்பிகை கணநாதன் அவர்களுக்கு

கடல் கடந்து வந்த பிணியாளரைக் கண்ணுங்கருத்துமாய்க் காத்த கருணையே! நாவசையா நோயாளரின் நலிவறிந்து நீரளித்த நுண்மதியே! தொண்ணூற்றாறில் எங்கள் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியின் இரண்டாம் நோயாளர் விடுதிக்குத் தலைமைத் தாதியாய் வந்து இன்று ஓய்வு காணும் பெருமாட்டியே, வணக்கம்!

"பூவே நிலவே எண்டு எழுதினியளோ, நான் பாதியில எழும்பிப் போயிடுவன்" என்று நேற்றே எச்சரித்துவிட்டீர்கள். ஆகவே அலங்காரம் மேலே உள்ளதோடு முடிந்தது. இனி நடந்ததைச் சொல்கிறோம்.

பாரிசவாதம் வந்து ஒருபக்கம் விழுந்தவரை அனலைதீவிலிருந்து வள்ளத்தில் ஏற்றினால், கரை சேருமுன்னே உறவினர் வாயில் சோடாவைப் பருக்கிவிடுவார்கள். அன்பினால்தான். அது இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்க் காய்ச்சலாகி, பாரிசவாதத்தில் தப்பியவர் நெஞ்சுச் சளியில் போய்விடுவார். தாங்கள் வகுத்த முறை எளிது. நோயாளியை நிமிர்த்தி இருத்தி, வாயைத் துடைத்து, ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து, தொண்டையில் இரு விரல் வைத்துப் பார்ப்பீர்கள். விழுங்கியதும் பெயரைச் சொல்லச் சொல்வீர்கள். இருமினாலும் சரி, இருமாமலே குரல் நனைந்து கரகரத்தாலும் சரி, வாய்வழி ஒன்றும் இல்லை, மூக்குவழிக் குழாய்தான்.

எழுவைதீவு மீனவர் எமிலியானுஸ் அண்ணைக்கு முதல் தேக்கரண்டியிலேயே குரல் கரகரத்தது. நிலைமை மோசமென்று அறிந்து பங்குச் சுவாமி நற்கருணை அப்பத்தோடு வந்தார். நோயாளியின் மனைவி பிலோமினம்மா முழங்காலில் இருந்தார். தாங்கள் கட்டிலுக்குக் குறுக்கே நின்று, "சுவாமி, எண்ணெய் பூசுங்கோ. நன்மை இப்ப குடுக்க ஏலாது. விழுங்கமாட்டார்" என்றீர்கள். நயினாதீவுக் கோயிலடியில் பிறந்த சைவர், கத்தோலிக்கர் ஒருவரின் கடைசி நற்கருணையைத் தடுப்பதா!

"நன்மை வாங்காமல் என்ர மனுசன் செத்தால் உன்னைச் சும்மா விடமாட்டன்!" என்று பிலோமினம்மா வாய்க்கு வந்தபடி ஏசினார். சுவாமி எண்ணெய் மட்டும் பூசிவிட்டுத் திரும்பினார். உண்மையைச் சொன்னால், எமிலியானுஸ் அண்ணை அப்படியே இறந்திருந்தால் தாங்கள் இத்தீவில் தலைகாட்டியிருக்க முடியாது. தாங்களோ காலையும் மாலையும் தேக்கரண்டியோடு போய் நின்றீர்கள். அடுத்த கிழமை தண்ணீர் இறங்கியது. குரலும் தெளிவாக வந்தது. உடனே சுவாமிக்கு ஆள் அனுப்பியவர் தாங்களே. அப்பத்தின் சிறு துணுக்கை அவர் நீரில் நனைத்துக் கொடுக்கையில், தங்கள் விரல்கள் தொண்டையில் இருந்தன. "ஓம், இறங்கிட்டுது" என்றீர்கள். பிலோமினம்மா அழுதார். ஆனால் தங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சென்ற வருடம் பிலோமினம்மாவின் தங்கை செபஸ்தியம்மாவுக்கும் பாரிசவாதம் வந்தது. தாங்கள் அன்று யாழ்ப்பாணத்தில் கூட்டமொன்றுக்குப் போயிருந்தீர்கள். சோடாப் போத்தலோடு வந்த சொந்தக்காரரைப் பிலோமினம்மா கலைத்துவிட்டார். சோதிக்கத் தெரிந்த எங்களையும் கட்டிலை அண்ட விடவில்லை. கடைசியில் அதே சுவாமி நற்கருணையோடு வந்து நின்றார்.

"விமலாம்பிகை சிஸ்டர் வந்து தொண்டையைத் தொட்டுப் பாக்கட்டும், சுவாமி. அதுவரைக்கும் ஆண்டவரும் வெளியில நிக்கட்டும்!"

சுவாமி விறாந்தை மரவாங்கில் போய் இருந்தார். இதைவிடப் பெரிய பாராட்டை எழுத எங்களுக்குத் தெரியாது, அம்மா. தாங்கள் உண்ணும் சோறும் பருகும் தேநீரும் வழிதவறாது இறங்க, நோயின்றி நூறாண்டு வாழ்க!

இங்ஙனம்,
இரண்டாம் விடுதி ஊழியர்கள்
ஊர்காவற்றுறை, பங்குனி 2005