பிலாத்துவுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவர்

தலைமை ஆசனத்தை அழகு செய்து, அதன் கைப்பிடிகள் இரண்டையும் இறுகப் பற்றியிருக்கும் பாடசாலை முகாமைக் குழுத் தலைவர், மதிப்புக்குரிய சவுந்தரநாயகம் ஐயா அவர்களே! செபத்தோடு இந்தப் பெற்றார் கூட்டத்தைத் தொடக்கி, செபம் முடிந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்த பங்குத்தந்தை அவர்களே! அன்புக்குரிய அதிபர் அவர்களே! புறக்கோட்டைக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும், இந்த மேடைத் திரைக்குத் துணி தந்த ஸவாஹிர் நானா அவர்களே! கொட்டாஞ்சேனையின் மூத்தோரே, தந்தையரே, அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் என் இனத்துத் தாய்மாரே! வாசல் பதிவில் கையெழுத்து நூற்றுப் பதினெட்டு. இங்கிருந்து நான் எண்ணும் தலைகள் நூற்று ஒன்பது. மிச்ச ஒன்பது பேரும் சிற்றுண்டிப் பெட்டி கைக்கு வந்ததும் மறைந்த மகான்கள். அவர்களுக்கும் என் வணக்கம்!

நன்றியுரைக்கு மூன்று நிமிடம் தந்திருக்கிறார்கள். வரவேற்புரை ஆண்களுக்கு, தலைமையுரை ஆண்களுக்கு, சிறப்புரை ஆண்களுக்கு. எல்லோரும் எழும்பிக் கதிரையை இழுக்கும் நேரத்து நன்றியுரை மட்டும் தாய்மாருக்கு. பரவாயில்லை. நன்றி சொல்லத்தான் வந்தேன். சொல்லாமல் இறங்கவும் மாட்டேன்.

நான் மாக்ரெட். பதினோராம் வகுப்பு மிதுனாவின் அம்மா. சாதாரண தரப் பரீட்சையோடு நின்ற படிப்பைச் சமையலறை மேசையில் தனியே தொடர்ந்தவள். கேஸ் சிலிண்டர் மாற்றிய திகதி முதல் ஞாயிறு பிரசங்கம் வரை கொப்பியில் குறித்து வைப்பவள். அதனால்தான் போன சனிக்கிழமை, நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் எடுக்கும் நேர்முகத் தேர்வில், ஐந்து பேர் குழுவில் என்னையும் ஒருத்தியாகச் சேர்த்து, தேநீர் ஊற்றவும் குறிப்பு எழுதவும் அழைத்தார்கள். தேநீரை அவர்கள் குடித்துவிட்டார்கள். குறிப்பு என்னிடம் இருக்கிறது.

வந்தவர் இருவர். ஒருவர் ஷாமிலா டீச்சர். நாடகத்தில் சிறப்புப் பட்டம், அதன்மேல் ஆசிரியப் பயிற்சி டிப்ளோமா, அதன்மேல் இதே பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் சம்பளமில்லாத் தொண்டர் சேவை. மற்றவர் டெரிக் தம்பி. இதோ, முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு இருக்கிறார். நல்ல பிள்ளை. தலைவர் ஐயாவின் தங்கை மகன். "உறவு ஒரு தகுதியே இல்லை" என்று ஐயா மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் எழுதினேன்.

முதல் நன்றி, தேர்வுக் குழு கேட்ட பதினான்கு கேள்விகளுக்கு! பலூன் கட்டத் தெரியுமா? மாலை போடும் பிள்ளையைப் பிரதம விருந்தினர் வரும்வரை வெயிலில் சிரிக்க வைக்கத் தெரியுமா? வரவேற்பு நடனத்துக்குச் சேலை உடுத்திவிடத் தெரியுமா? பரிசளிப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது சரித்திர நாடகம் ஒன்று "டக்கெண்டு" போடத் தெரியுமா? ஐயாமாரே, நாம் ஆசிரியரைத் தேடினோமா, கலியாண மண்டபத்துக்கு ஆள் தேடினோமா? பதினான்கு கேள்வியில் 'பிள்ளைகள்' என்ற சொல்லும் ஒரு தரம் வந்தது, மறைக்க மாட்டேன். "பிள்ளையள் பலூனை உடைக்காமப் பாப்பீங்களா?"

இரண்டாம் நன்றி, நம் கோயில் பங்கின் மாண்புமிகு வழக்கத்துக்கு! ஊரில் ஓர் ஆளை நிறுக்க நாம் சான்றிதழ் பார்ப்பதில்லை; ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்தில் என்ன வேஷம் கட்டினவர் என்று பார்ப்போம். மாப்பிள்ளை பார்க்கும்போதும் அதைத்தான் கேட்போம். யூதாஸ் வேஷம் கட்டிய ஒரு நல்ல மனிதருக்குப் பெண் கிடைக்க ஒன்பது வருடம் எடுத்தது. புளோறன்ஸ் அக்கா, ஏன் குனியிறீங்கள்? உங்கட அவரின்ர பேரை நான் சொல்லேல்லையே!

அந்த வழக்கப்படியே நேர்முகமும் நடந்தது. டெரிக் தம்பி பதினொரு வருடம், ஆண்டவரைச் சாவுக்குக் கொடுத்துவிட்டுக் கை கழுவும் பிலாத்து. முடி, அங்கி, வெள்ளித் தட்டு, கை கழுவுதல்! முப்பது புள்ளி. ஷாமிலா டீச்சரிடம் கேட்டார்கள்: "நீங்க பாஸ்காவில என்ன வேஷம்?"

"வேஷம் இல்ல சேர். திரைக்குப் பின்னால நிண்டு வசனம் எடுத்துக் குடுக்கிறனான்."

"அப்ப மேடை அனுபவம் இல்ல?"

பூச்சியம். என் கையாலேயே எழுதினேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

பிறகு, "அழுது காட்டுங்கோ" என்றார்கள். டெரிக் தம்பி அழுதார். அழகாக அழுதார். அதிபர் கைலேஞ்சியை எடுத்தார். நானும் கண்ணைத் துடைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஷாமிலா டீச்சர் அழவில்லை. "ஆர் அழுகினம் சேர்? என்னத்துக்கு அழுகினம்? அதைச் சொன்னா அழலாம்" என்றார். குழுவின் தீர்ப்பு: கீழ்ப்படிவு போதாது; வேலை டெரிக் தம்பிக்கு.

என்ன ஐயா? மணியா? அடியுங்கோ, அடியுங்கோ. இன்னும் ஒரு நன்றி பாக்கி.

மூன்றாம் நன்றி என் மகள் மிதுனாவுக்கு. ஷாமிலா டீச்சரின் நாடக வகுப்பில், வீட்டில் ஓர் ஆளைக் கவனித்து நடித்துக் காட்டச் சொன்னார்களாம். பெற்றார் தினத்தன்று என் பிள்ளை மேடைக்கு வந்தாள். ஒரு கையில் செபமாலை, மறு கையில் அகப்பை. ஒரு மங்கள வார்த்தை செபத்துக்கு நடுவே மூன்று கட்டளை: "கேஸை ஓஃப் பண்ணு! கோழிக்கு மூடி போடு! ஆரது கதவுல, இண்டைக்கு ஒண்டும் வேணாமெண்டு சொல்லு!" மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. ஸவாஹிர் நானாவும் சிரித்தவர்.

கொதித்துக்கொண்டு போனேன் டீச்சரிடம். "எங்கட வீட்டு மானத்தை மேடையில ஏத்தத்தானே படிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

டீச்சர் கோபிக்கவில்லை. "அன்ரி, கடைசிப் பகுதி பாத்தனீங்களா?" என்றார்.

நான் பார்க்கவில்லை, பாதியில் எழும்பி வந்தவள். மிதுனாவைக் கூப்பிட்டு அதை மட்டும் திரும்பச் செய்யச் சொன்னார். எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய மேசையில் அந்த அம்மா தனியே இருக்கிறாள். கொப்பியைத் திறக்கிறாள். எழுதுகிறாள். ஒரு சொல் பிடிபடவில்லை. உதட்டைக் கடித்து யோசிக்கிறாள். பிடிபட்டதும், யாரும் பார்க்காத ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு என்னுடையது என்று எனக்கே தெரியாது!

"அவ உங்களைப் பகிடி பண்ணேல்ல அன்ரி. மூண்டு கிழமை, இருபத்தொரு நாளும் உங்களை வடிவாப் பாத்தவ" என்றார் டீச்சர்.

சபையோரே! பதினேழு வருடம் அந்த வீட்டில் சமைத்தேன். என்னை மூன்று கிழமை பார்த்தவர் யார்? பார்க்கச் சொன்னவர் யார்? ஒரு மனிதரை மூன்று கிழமை கவனிக்கப் பிள்ளைக்குப் பழக்குவது வேலையில்லையா? அதற்கு எத்தனை புள்ளி, ஐயாமாரே? என் கொப்பியில் அதற்கு ஒரு கட்டமே இல்லையே!

டெரிக் தம்பி, கொஞ்சம் எழும்புங்கோ. பயப்படாதைங்கோ, பலூன் கட்டச் சொல்ல மாட்டன். பதினொரு வருடம் சொன்ன வசனம்தானே. கை கழுவி முடிந்ததும் பிலாத்து சனத்தைப் பார்த்து என்ன சொல்லுவார்? சத்தமாச் சொல்லுங்கோ.

"இந்தக் கைகளைப் பாருங்கள்..." ஓம். பிறகு? "இந்தக் கைகளைப் பாருங்கள்..." ஓம் தம்பி, பாத்திட்டம். பிறகு?

கேட்டதா? கேட்டதா சபையோரே? "இவற்றில் கறை இல்லை என்று நீங்களே சாட்சி." மைக் இல்லாமல், முகம் இல்லாமல், என் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்த குரல் யாருடையது? இன்றைக்கும் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க விட்டிருக்கிறோமே, அந்த ஷாமிலா டீச்சருடையது! தன் வேலையைப் பறிக்கப் போகிறவர் தடுமாறினாலும் வாய் தானாக எடுத்துக் கொடுக்கிறது. அதுதான் ஐயா ஆசிரியர்! அதுதான் அனுபவம்! அதுதான் தகுதி!

கை தட்டுறது ஆர், டெரிக் தம்பியா? என்ன சொல்லுறார்? "பதினொரு வருசமும் அவதான், அன்ரி!" தம்பி, நீங்கள் பெரிய மனசுக்காரன். உங்கட மாமாவுக்கும் கேக்கிற மாதிரி ஒருக்காச் சொல்லுங்கோ. நன்றி. கேட்டுவிட்டது, காது சிவக்கிறது.

பெரியோரே, டீச்சரின் தொண்டர் காலம் வரும் வெள்ளியோடு முடிகிறது. நாடகப் பாடம் எடுத்த பிள்ளைகள் பத்தொன்பது பேர். செயல்முறைப் பரீட்சைக்கு மூன்று மாதம் இல்லை. இந்தக் கதையில் கை கழுவ ஒருவர் போதும். குழுவில் ஐந்து பேரும் தட்டைத் தேட வேண்டாம். அந்த ஐவரில் நானும் ஒருத்தி. பூச்சியம் எழுதிய கையால் இன்று காலை ஒரு கடிதம் எழுதி, தேர்வைத் திரும்ப நடத்தும்படி கேட்டிருக்கிறேன். தலைவர் ஐயா, அது உங்கள் தண்ணீர்க் குவளைக்குக் கீழே இருக்கிறது.

தலைமைக்கு நன்றி, தந்தைக்கு நன்றி, திரைத் துணிக்கு நன்றி, திரைக்குப் பின்னால் நிற்பவருக்குத் தலை தாழ்ந்த நன்றி. இருந்து கேட்ட நூற்று ஒன்பது பேருக்கும் வணக்கம்.

ஐயா, கடிதத்துக்குப் பதிலை வியாழக்கிழமைக்கு முதல் எழுத்தில் தாருங்கோ.