சுடாத துப்பாக்கியால் பிழைத்த ஊர்

உங்கள் அறை மூலையில் நிற்கிற அந்த ஃப்ரிட்ஜ் முனகுகிறது. பின்பக்கம் தூசி அடைத்திருக்கும், வேறொன்றுமில்லை. ஒரு பழைய பெயின்ட் பிரஷ் கொடுத்தால் பேசிக்கொண்டே துடைத்துவிடுவேன். வேண்டாமா? சரி. ஆயுள் முழுக்க ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்தவன் நான். ஓடாத பொருளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்களே, அதற்கு நேர்மையான பதில் இதுதான்.

நீங்கள் கொலம்பஸ் நகரப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த போலீஸ்காரர், அதனால் சொல்கிறேன். இந்த ஹார்லன்ஸ் ஃபெர்ரியே ஒரு துருப்பிடித்த ஸ்பிரிங்கின் புண்ணியத்தில் நிற்கிற ஊர். படகுத்துறை யாருக்கு என்று கர்னல் ஹார்லனுக்கும் வக்கீல் ப்ரூயிட்டுக்கும் அந்தக் காலத்தில் தகராறு. ஆற்றங்கரையில் எதிரெதிரே நின்றார்கள். முதலில் விசையை இழுத்தது ப்ரூயிட்தான். அவன் துப்பாக்கி டிக் என்றது. கர்னலுடையது வெடித்தது. இன்று கர்னல் பெயரில் ஊர் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, வங்கி இருக்கிறது. ப்ரூயிட் பெயரில் இருப்பது ஒரு கல்லறை. அதிலும் எழுத்துப்பிழை.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊர்த் திருவிழாவில் அதை நடித்துக் காட்டுவோம். கர்னலாக இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வெர்னன் டட்டில், ப்ரூயிட்டாக நான். துப்பாக்கி இரண்டும் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிற அசல்கள். அவனுடையதில் குண்டில்லாமல் வெறும் வெடிமருந்து மட்டும் போடுவார்கள். என்னுடையது எப்போதோ செத்த துப்பாக்கி. டிக் என்றதும் அவன் சுடுவான், நான் விழுவேன். நன்றாக விழுவேன், அதில் எனக்கு ஊரில் பெயர் உண்டு. வெர்னன் வந்து என் நெஞ்சில் பூட்ஸை வைத்துக்கொண்டு கூட்டத்திடம் ஏதாவது சொல்வான்.

போன வருடம் அவன் சொன்னது இது: "பாவம், ட்வைட்டைத் திட்டாதீங்க. வீட்லயும் வெறும் டிக்குதானாம். லொரேனே சொன்னா."

நல்ல ஜோக். பிணம் சிரிக்கக்கூடாதே என்று அடக்கிக்கொண்டேன். என் மனைவி லொரேன் முதல் வரிசையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். லெமனேட் மூக்கில் ஏறும்வரை சிரித்தாள். அதன்பின் மளிகைக் கடையிலும் முடிவெட்டுகிற கடையிலும் என்னைக் கண்டவர்களெல்லாம் டிக் என்றார்கள். பாதிரியார்கூட ஒருமுறை சொன்னார், பிறகு மன்னிப்புக் கேட்டார், பிறகு மறுபடி சொன்னார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

கோடைத் தொடக்கத்தில், எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று சொல்லித் துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துவந்தேன். சமையலறை மேஜையில் பழைய துண்டை விரித்து எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். பெரிய கோளாறெல்லாம் இல்லை. துப்பாக்கிச் சுத்தியலைத் தள்ளுகிற ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. சிக்கிமுக்கிக் கல் மழுங்கியிருந்தது. மருந்துக்கு நெருப்புப் போகிற துளையைத் துரு அடைத்திருந்தது. அன்றைக்குக் காலையில் ப்ரூயிட் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால், நீங்கள் இப்போது ப்ரூயிட்ஸ் ஃபெர்ரியில் உட்கார்ந்து என்னை விசாரித்துக்கொண்டிருப்பீர்கள்.

சூடான பாத்திரத்தை வைக்க மேஜையில் இடமில்லாமல் லொரேன் நின்றுகொண்டிருந்தாள்.

"இதை ரிப்பேர் பண்ணி என்னத்தைக் கிழிக்கப்போற? அது சுடாம போனதுதானே கதையே."

"சுட்டா நல்லா இருக்கும்ல."

"யாருக்கு?"

வாயில் திருகாணி வைத்திருந்தேன்.

முதல் பொறி பறந்த அன்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கைதட்டினாள். என்னுடைய வேலையை அவள் பாராட்டிப் பல காலம் ஆகியிருந்தது. வெர்னனிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அவனுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றேன்.

குண்டு எதற்கு என்கிறீர்கள். தூண்டிலில் கட்டுகிற ஈயத்தை உருக்கி நானே வார்த்தது. வெறும் மருந்தைப் போட்டுச் சுட்டால் சத்தம் வரும், அவ்வளவுதான். கதவைத் திறந்ததும் விளக்கு எரிந்தால் ஃப்ரிட்ஜ் சரியாகிவிட்டது என்று அர்த்தமா? பால் குளிர வேண்டாமா?

சனிக்கிழமை திருவிழாவில் விசையை இழுத்தேன். வெடித்தது. வெர்னன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். குண்டு அவனைத் தாண்டிப் போய், பின்னால் நிறுத்தியிருந்த பிளைவுட் குதிரையின் காதில் பாய்ந்திருந்தது. அந்தக் குழல் இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. புகையில் அதைக் கவனித்தது நான் மட்டும்தான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

"பாத்தீங்களா, ட்வைட்டுக்கு வெடிச்சிருச்சு," என்றான் வெர்னன். "லொரேன், இன்னிக்கு நீ ஜாக்கிரதையா இரு."

லொரேன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கூட்டம் கேட்டது.

எனக்கு அமர்த்தியிருக்கிற வக்கீல், உள்ளே குண்டு இருந்தது தெரியாது என்று சொல்லச் சொல்கிறார். நல்ல பையன். ஆனால் அந்த மாதிரித் துப்பாக்கியை மறுபடி நிரப்புவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியாது. வெர்னனே பக்கத்தில் வந்து வெடிமருந்து வைத்திருந்த கொம்பை வாங்கிக்கொண்டான்.

"குடுடா, நான் பிடிச்சுக்கிறேன். நீ மெதுவா போடு, ஒண்ணும் அவசரமில்ல."

மருந்தைக் கொட்டினேன். துணியை வைத்தேன். உள்ளங்கையில் இருந்த குண்டை வைத்துக் கோலால் இடித்தேன். என் கைக்கும் அவன் மூக்குக்கும் ஒரு முழம்கூட இல்லை. ஆனால் அவன் கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டிருந்தான். வெர்னன் எப்போதும் கூட்டத்தைத்தான் பார்ப்பான். பிறகு நான் சொல்லாமலே தன் இடத்துக்குப் போய், கர்னலைப் போல மார்பை நிமிர்த்தி நின்றான். இந்த முறை கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தேன்.

அவனுக்கு விழத் தெரியவில்லை. உருளைக்கிழங்கு மூட்டை சாய்கிற மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தான். கூட்டம் அதற்கும் கைதட்டியது. லொரேன் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குத் தெரியும், நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆத்திரத்தில் சுட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆத்திரக்காரனுக்குக் கை நடுங்கும். முதல் தடவை சரியாக வராத வேலையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. அவ்வளவுதான்.