ஆஸ்பத்திரிக்கு ஒரு சொந்த நம்பர்

அடுத்தவர் பேச்சை எழுதுவது பாவமோ என்று மூன்று வருடம் தயங்கினேன். ஜோதி தரிசனத்துக்கு வடலூர் போன பஸ்ஸில், மந்தாரக்குப்பத்தில் ஏறிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண், மைன்ஸ் யூனிபாரத்தில் இருந்த தன் அண்ணனிடம் கொதித்தாள்.

“நெட்டு அறுந்துகினே இருக்குது. கம்பெனிய மாத்தினா அவன் குடுத்த இன்டர்நெட் நம்பரும் போயிடும். நம்பர் மாறினா கடலூர் டாக்டரோட கம்ப்யூட்டர் எங்க ஸ்கேன் படத்த உள்ள வுடாது.”

“கம்பெனி குவார்ட்டர்ஸ் மாதிரின்னு சொல்லு, வேலைய வுட்டா வூடும் போயிடும். சொந்த வூடு கட்டிக்கயேன்.”

“சொந்த நம்பர்தாண்ணா கேட்டேன்! ரெண்டு கம்பெனி நெட் லைன் காட்டினாத்தான் நம்பர் ஆபீஸ்ல குடுப்பாங்களாம், அதான் சட்டமாம். இவன வுட்டு ஓடத்தானே கேக்கறேன்? இவனையும் கட்டிக்கினு அழணுமாம்!”

அவள் போன் அடித்தது. “இன்னும் படம் போவலியா? காத்திருக்க வேணாம், அடிபட்டவர கடலூருக்கே வண்டியில ஏத்துங்க. படத்த அவரு சம்சாரம் கையில குடுத்துடுங்க.”

காதில் விழுந்தது இவ்வளவே. கூட்டாமல் குறைக்காமல் நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆண்டவர் கேட்கட்டும்.