பஞ்சு பிடுங்காத ஹெல்மெட்

மாலை ஏழு மணி இருக்கும். ஏரிக்கரையை ஒட்டிய நீண்ட சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் முள்வேலி. விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குகள் இல்லை. என் தோழியின் தம்பிக்கு நேர்ந்தது இது. யாராவது எதையாவது கொறித்துக்கொண்டிருந்தால் இப்போதே ஒதுக்கி வைத்துவிடுங்கள்... பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

பழைய ஹெல்மெட்டுகளுக்கு உள்பஞ்சு மாற்றிக் கொடுப்பது அவருடைய தொழில். அழுக்கென்றால் அவருக்கு ஆகவே ஆகாது என்பதுதான் இதில் வேடிக்கை. ஊரார் தலைகளின் வியர்வை, பொடுகு, எண்ணெய்ப் பிசுக்கு, புண்ணிலிருந்து உரிந்த பொருக்கு... அத்தனையும் அந்தப் பஞ்சில் ஊறிக் கிடக்கும். ஆகவே கடைக்கு எது வந்தாலும் முதல் வேலையாகப் பஞ்சைப் பிடுங்கிக் கொல்லையில் எரித்துவிடுவார். பஞ்சு பிடுங்காத எதையும் தம் தலையில் வைத்ததே இல்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

அன்று அவருடைய மனைவி மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்திருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். பேருந்து போய்விட்டது; பைக்கில்தான் அழைத்துப் போக வேண்டும். தம்முடைய சுத்தமான ஹெல்மெட்டை அவளுக்கு மாட்டிவிட்டார். தமக்கு? கடையில் இருபது கிடந்தன. பாதி பஞ்சில்லாத வெறும் ஓடு; மீதி பசை காயாதவை. போட்டுக்கொள்ளும் நிலையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்... விபத்து வண்டிகளை இழுத்துப் போகும் வேன்காரர் மத்தியானம் கடை வாசல் வெயிலில் வீசிவிட்டுப் போன, அவர் இன்னும் கை வைக்காத கறுப்பு ஹெல்மெட்.

"கடை நிறைய ஹெல்மெட்டு. போட்டுக்க ஒண்ணு இல்ல. நல்ல பொழப்பு," என்றாள் மனைவி.

"சிரிக்காத. பத்து நிமிஷ வழி. மூச்சப் புடிச்சுக்கிட்டுப் போயிடறேன்."

"அதப் போட்ட தலையோட என் தலையணையில படுத்தீங்க... அப்புறம் இருக்கு."

கரையில் ஏறியதும் மழை தூறியது. கண்ணாடியை இறக்கினார். மூச்சின் சூடு பட்டதும் உள்ளேயிருந்து நாற்றம் எழுந்தது. முதலில் புளித்த வியர்வை... பிறகு, திறக்க மறந்த சாப்பாட்டு டப்பா... அதற்கும் அடியில், சீழ் பிடித்த பல்லின் நாற்றம். மத்தியானம் முழுக்க வெயிலில் கிடந்த பஞ்சு அது, காய்ந்திருக்க வேண்டும். ஆனால் பின்னந்தலையில் மட்டும் ஈரம். வெதுவெதுப்பான ஈரம்.

ஹெல்மெட் போட்டால் ஓரப்பார்வை கொஞ்சம் குறையும். அது அவருக்குத் தெரியாததல்ல. இதுவோ குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஏரி மறைந்தது. அடுத்து வேலி. சாலை ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கியது. எதிரே வந்த லாரியின் ஒரு விளக்கு மட்டுமே தெரிந்தது... மற்றது எங்கே என்று யோசிப்பதற்குள் லாரி முழங்கையை உரசாத குறையாகக் கடந்து போயிற்று.

மனைவியின் விரல்கள் தோளில் அழுந்தின.

"ஏங்க... ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

"பாத்துத்தானே ஓட்டறேன்."

"எங்க பாக்கறீங்க? கரை ஏறினதுலேருந்து திரும்பி என்னையேதானே பாத்துக்கிட்டு வர்றீங்க."

அவர் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

வண்டியை நிறுத்தினார். அவள் இறங்கி முன்னால் வந்து பார்த்தாள். ஹெல்மெட் திரும்பியிருக்கவில்லை; கண்ணாடி முன்பக்கம்தான் இருந்தது. அவள் தாடைப் பட்டையின் கொக்கியை கழற்றினாள். ஹெல்மெட் எளிதில் வரவில்லை. இழுக்க இழுக்க, ஆறிய பாலிலிருந்து ஆடையை எடுப்பதுபோல் மெல்ல உரிந்து... 'சளப்' என்று வந்தது. அவர் வேலியோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார்.

பிறகு கைபேசி வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். பின்பக்கப் பஞ்சில் ஒரு முகம் பதிந்திருந்தது. நடுவில் மூக்கின் குழி. கீழே திறந்த வாய்; வாயின் ஓரத்தில் பஞ்சைக் கடித்த தடம். மேலே இரண்டு பள்ளங்கள். அவற்றில் ஒட்டியிருந்தவை இமை முடிகள்.

தொழில் தெரிந்தவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் போட்டிருந்தவன் பட்டையை மாட்டாமல் ஓட்டியிருக்கிறான். விழுந்த வேகத்தில் ஹெல்மெட் முன்பின்னாகச் சுழன்றிருக்கிறது. அவன் கடைசியாகப் பார்த்தது சாலையை அல்ல, வானத்தை அல்ல... இந்தப் பஞ்சை.

அங்கேயே வண்டியின் பெட்ரோலை ஊற்றி அதை எரித்தார். பஞ்சு கொழுப்பைப் போல் சீறி உருகியது. மறுபடி ஓட்டத் துணிவில்லாமல், அவளை இருக்கையில் உட்காரவைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். தலையை நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவினார். வேறொன்றும் நடக்கவில்லை.

எட்டாம் நாள் காலை. அவருக்குப் பின்கழுத்து முடியை மழித்துவிடுவது எப்போதும் மனைவிதான். முக்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவளுடைய கை நின்றது.

"அசையாதீங்க... இதென்ன, பின்மண்டையில ரெண்டு கோடா முடி மொளச்சிருக்கு? ஈரமா வேற இருக்கு. சீ..."

"எப்படி இருக்கு?"

"இமை மாதிரி. இருங்க, வழிச்சிடறேன்."

அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவள் தெரிந்தாள். அருவருப்பில் சுருங்கிய மூக்கு... மேடிட்ட வயிறு... கத்தி பிடித்த கை. தம் இரு கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.

கத்தி நெருங்கி வருவது இன்னும் தெரிந்தது.